இன்று ஆறு சமத்து

இந்த அறையின் குளிர்சாதனம் இருபத்தெட்டில் நிற்கிறது. விசாரணைக்கு வந்திருக்கும் நீங்கள் மூன்று பேரும் கோப்பு அட்டையால் விசிறிக்கொள்வதைப் பார்க்கச் சங்கடமாக இருக்கிறது. செப்டம்பர் முடியும்வரை இருபத்தெட்டுக்குக் கீழே இறக்கக் கூடாது என்பது எங்கள் நகரமன்ற விதி. இறக்கித்தான் ஆக வேண்டுமென்றால் பொதுப்பிரிவில் அதற்கொரு படிவம் உண்டு. நானே வாங்கி வந்து நிரப்பித் தருகிறேன். மூன்று நாளில் அனுமதி வந்துவிடும்.

வேண்டாமா. சரி, ஆரம்பிக்கிறேன்.

யூசா நோபுமிச்சி. வயது நாற்பத்திமூன்று. மிசுனோமா நகரமன்றத்தின் தகவல் பிரிவில் இணையதளப் பொறுப்பாளர். யூசா என்பது என் மனைவி வீட்டுப் பெயர். அவர்கள் வீட்டில் ஆண் வாரிசு இல்லை. அதனால் நான் அந்தப் பெயரை ஏற்றுக்கொண்டு அந்த வீட்டுக்கே போய்ச் சேர்ந்தேன். வீடு ஷிமோஜிமாவில், ஆற்றுக்கு நான்காவது சந்தில் இருந்தது. பதினான்கு வருடம் அங்கே வாழ்ந்தும் என்னை ஒருவரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. மாப்பிள்ளை என்பார்கள். அன்பாகத்தான்.

அந்த ஷிமோஜிமாவில் ஆகஸ்ட் இருபத்திரண்டாம் தேதி பிற்பகல் வெள்ளத்தில் இறந்துபோன பதினொரு பேரைப் பற்றிக் கேட்பதற்குத்தான் இவ்வளவு தூரம் வந்திருக்கிறீர்கள். உங்கள் கடிதத்தில் 'இணையதளத்தில் ஏற்பட்ட கோளாறு' என்று எழுதியிருந்தீர்கள். முதலில் அதைத் திருத்திக்கொள்ளலாம். கோளாறு எதுவும் ஏற்படவில்லை. நான் எழுதியது எழுதியபடியே வேலை செய்தது.

நீர்நாயிலிருந்து தொடங்குவதுதான் முறையாக இருக்கும்.

எல்லா ஊருக்கும் சின்னமாக ஒரு பிராணி இருப்பதுபோல எங்கள் ஊருக்கு கவாப்பி. ஹெல்மெட் போட்ட நீர்நாய். எங்கள் ஆற்றில் கடைசியாக நீர்நாயைப் பார்த்தவர்கள் எல்லோரும் காலமாகிவிட்டதால் யாரும் ஆட்சேபிக்கவில்லை. நகரத் தலைவர் தெராவாகி அவர்களின் அண்ணன் மகள் வரைந்தது. ஆற்று நீர்மட்டப் பக்கத்தின் உச்சியில் அது நிற்கும். ஆறு சாதாரணமாக இருந்தால் பக்கம் நீலம். கவாப்பி கட்டைவிரலைத் தூக்கிக்கொண்டு 'இன்று ஆறு சமத்து' என்று சொல்லும். மஞ்சள் என்றால் 'கொஞ்சம் கவனம்.' சிவப்பு என்றால் 'உடனே வெளியேறவும்.' சிவப்பிலும் அது சிரித்துக்கொண்டுதான் இருக்கும். அழுகிற முகத்தை வரைய அந்தப் பெண்ணுக்கு மனம் வரவில்லையாம்.

ஒவ்வொரு முடியும் தனித்தனியாக வரைந்திருந்தது. அந்தப் படத்தின் கனத்தில் பக்கம் திறக்க ஒன்பது நொடி ஆனது. படத்தைச் சிறிதாக்கலாம் என்று நான் இரண்டு முறை எழுத்தில் கேட்டேன். இரண்டாவது முறை நகரத் தலைவரே என் மேசைக்கு வந்தார்.

"யூசா-சான், சின்னதாக்கினா மீசை தெரியுமா?"

"தெரியாதுங்க."

"மீசை இல்லாத கவாப்பி யாரு? எலி. எங்க ஊர் மானத்தை ஒரு எலி கையில குடுக்கச் சொல்றீங்களா?"

அதற்கு மேல் நான் கேட்கவில்லை. வேறு வழிதான் பார்க்க வேண்டும்.

அந்த வழியை விளக்கிவிடுகிறேன். ஒன்றும் சிரமமில்லை. எங்கள் தளம், எல்லோரும் பயன்படுத்தும் ஒரு மென்பொருள் சட்டகத்தின் மேல் கட்டியது. யாராவது ஒரு பக்கத்தைக் கேட்டால் சட்டகம் அதைப் புதிதாகச் சமைக்கும். பாலத்தடியில் தொங்கும் கருவியிடம் நீர்மட்டம் கேட்டு, நிறத்தை முடிவு செய்து, நீர்நாயை மேலே வைத்துப் பரிமாறும். ஆயிரம் பேர் கேட்டால் ஆயிரம் முறை சமையல். அதற்குப் பதிலாக ஒருமுறை சமைத்ததைப் பெட்டியில் கட்டி வைத்துக்கொண்டு வருகிறவர்களுக்கெல்லாம் எடுத்து நீட்டலாம், ரயில் நிலையத்தில் பென்தோ சாப்பாட்டுப் பெட்டி விற்பதுபோல. கணினிக்காரர்கள் இதை 'கேஷ்' என்பார்கள். பக்கம் கண்மூடித் திறப்பதற்குள் வந்துவிடும். எத்தனை பேர் வந்தாலும் தளம் விழாது.

எவ்வளவு நேரம் வைத்திருக்கலாம் என்பதை மட்டும் நாம் எழுதிவைக்க வேண்டும். ரயில் நிலையப் பெட்டியில் காலாவதி நேரம் ஒட்டியிருக்கும். எங்கள் பெட்டியில் ஒட்டுவதில்லை. கையில் வந்திருப்பது இப்போது சமைத்ததா, காலையில் சமைத்ததா என்று பார்க்கிறவருக்குத் தெரியாது.

தளம் முழுவதற்கும் ஒரு நிமிடம் என்று வைத்தேன். நூலக நேரம், குப்பை எடுக்கும் கிழமை எல்லாம் ஒரு நிமிடம் பழையதாக இருந்தால் யாருக்கும் நஷ்டமில்லை. ஆனால் நீர்மட்டப் பக்கத்துக்கு எனக்கு முன்னால் இருந்தவர் ஒரு தனி வரி எழுதியிருந்தார். பொது விதி என்னவாக இருந்தாலும் இந்த ஒரு பக்கத்தைக் கட்டிவைக்கக் கூடாது, ஒவ்வொரு முறையும் புதிதாகச் சமைக்க வேண்டும் என்று. பக்கத்தில் குறிப்பும் இருந்தது. 'இந்த வரியை எடுக்காதே. உயிர் சம்பந்தப்பட்டது.'

நான் அதைப் படித்தேன். படிக்காமல் எடுத்தேன் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். நான் எதையும் படிக்காமல் எடுப்பவன் இல்லை.

போன வருடம் வரை அந்த வரி அங்கேதான் இருந்தது. பிறகு கொக்கு வந்தது.

அக்டோபரில் ஒரு நாள் காலை, பாலத்தடிக் கருவிக்கு நேர் கீழே ஒரு கல்லின் மேல் கொக்கு நின்றது. கருவி மேலிருந்து கீழே தூரத்தை அளக்கும் வகை. கொக்கின் முதுகை ஆற்றின் மட்டமாக எடுத்துக்கொண்டது. பக்கம் சிவந்தது. நீல வானத்தின் கீழே முந்நூற்றுப் பத்துப் பேர் மூட்டை முடிச்சோடு பள்ளிக்கூட உடற்பயிற்சிக் கூடத்துக்கு ஓடினார்கள். கொக்குக்கு மீன் கிடைத்ததும் பறந்துவிட்டது. நகரத் தலைவர் தொலைக்காட்சி முன்னால் தலைகுனிந்து மன்னிப்புக் கேட்டார். பன்னிரண்டு நொடி. அடுத்த ஊர்க்காரர்கள் இன்றைக்கும் எங்களைப் பார்த்தால் ஒற்றைக்காலில் நின்று காட்டுவார்கள்.

அதன் பிறகு ஒரு நாள் எங்கள் பிரிவுத் தலைவர் ஓகிட்சு, காபி இயந்திரத்தின் பக்கத்தில் என்னைப் பிடித்தார். தரையைப் பார்த்துக்கொண்டே பேசுவார். நல்ல மனிதர்.

"ஆறு ஓடட்டும், யூசா-சான். அது அதோட வேலை. பக்கம் எதுக்குக் கூடவே ஓடணும்?"

"அப்படின்னா, பக்கத்தை..."

"நான் ஒண்ணும் சொல்லல."

"ஆமா சார், நீங்க ஒண்ணும் சொல்லல."

"பக்கம் கொஞ்சம் அமைதியா இருந்தா தலைவருக்கும் நிம்மதி, நமக்கும் நிம்மதி. பெரியவங்க பாத்து சரின்னதும் நிறம் மாறினா யாருக்குக் கஷ்டம்? இதெல்லாம் பேச்சுக்குச் சொல்றேன். இந்தக் காபி ஏன் இவ்வளவு தண்ணியா இருக்கு?"

நீங்களும் இந்த நாட்டு அலுவலகங்களில் வேலை பார்த்தவர்கள். காற்றில் இருப்பதைப் படிக்கத் தெரியாதவனுக்கு இங்கே நாற்காலி கிடையாது. மேலே இருப்பவர் சொல்லி ஒன்றைச் செய்தால் அது கீழ்ப்படிதல். சொல்லாமலே செய்தால்தான் திறமை.

நான் அந்தத் தனி வரியை எடுத்தேன். குறிப்பையும் எடுத்தேன்; வரி போன பிறகு குறிப்பு மட்டும் தொங்கிக்கொண்டிருந்தால் அடுத்து வருகிறவர் குழம்புவார். அந்த இடத்தில் என் வரிகள் இரண்டை எழுதினேன். முதல் வரி: இந்தப் பக்கத்தை, நான் விடுவிக்கும்வரை, கட்டிவைத்த பெட்டியிலிருந்தே கொடு. ஒரு நிமிடமோ ஒரு நாளோ இல்லை, விடுவிக்கும்வரை. இரண்டாவது வரி: அதிகாரிகளாக உள்நுழைந்திருப்பவர்களுக்கு மட்டும் விலக்கு, அவர்களுக்குப் புதிதாகச் சமைத்துக் கொடு. பெரியவர்கள் பார்த்து முடிவெடுக்க வேண்டுமென்றால் அவர்களுக்கு உண்மையான ஆறு தெரிய வேண்டும் அல்லவா.

இதற்கு 'காட்சி நிலைத்தன்மை மேம்பாடு' என்று பெயர் வைத்துக் கோப்பு எழுதினேன். இனிமேல் நிறம் மாற வேண்டுமென்றால் ஒரு விடுவிப்புத் தாள் கீழிருந்து மேலே போய் ஏழு பேரின் முத்திரை வாங்கி வரும். வந்ததும் நான் விடுவிப்பேன். கோப்பிலும் ஏழு முத்திரை விழுந்தது. எங்கள் அலுவலகத்தில் கீழே இருப்பவர் தன் முத்திரையை இடப்பக்கம் கொஞ்சம் சாய்த்துக் குத்துவார், மேலே இருப்பவரின் முத்திரைக்கு வணக்கம் வைப்பதுபோல. என்னுடையது கிட்டத்தட்டப் படுத்திருக்கும். ஓகிட்சு சாருடையது அரைச் சாய்வு. நகரத் தலைவருடையது மட்டும் நேராக நிற்கும். என்னைத் தவிர எல்லோரும் வணங்குவதிலும் வணங்கப்படுவதிலும் கவனமாக இருந்ததால் இணைப்பில் இருந்த அந்த இரண்டு வரியை யாரும் படிக்கவில்லை. அவர்கள் தங்கள் கணினியில் பக்கத்தைத் திறந்து பார்த்தார்கள், நீர்மட்டம் சரியாக மாறிக்கொண்டிருந்தது, முத்திரை குத்தினார்கள். அவர்கள் பார்க்கும் பக்கமும் ஊர் பார்க்கும் பக்கமும் ஒன்றல்ல என்பது எனக்கு மட்டும் தெரிந்தது. யாரும் கேட்கவில்லை.

சாதாரண நாளில் நான் தினமும் காலை ஒன்பது மணிக்கு ஒருமுறை விடுவிப்பேன். ஊருக்குப் புது நீலம் போகும். ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்குக்குள் பக்கம் திறந்தது. மாவட்ட அளவில் பாராட்டுப் பத்திரம் வந்தது. நகரத் தலைவர் அதைக் கவாப்பியின் கையில் கொடுத்துப் படம் எடுத்துக்கொண்டார்.

ஜூன் மாதம் ஷிமோஜிமா மக்கள் மண்டபத்தில் வகுப்பு எடுத்தேன், போனில் நீர்மட்டப் பக்கத்தைப் பார்ப்பது எப்படி என்று. இருபது பேர் வந்தார்கள். முன்வரிசையில் இவாசே கினுயே. எங்கள் சந்து முனையில் டோஃபு கடை. அறுபத்தாறு வயது. கணவர் ஆறு வருடமாகப் படுக்கையில். கொக்கு நாளில் அவரை நாலு பேர் தூக்கிக்கொண்டு போய்க் கூடத்தின் தரையில் கிடத்தி, குளிரில் நெஞ்சில் சளி கட்டி, பிழைத்ததே பெரிய காரியம் என்று ஊருக்கே தெரியும்.

"மாப்பிள்ளை, ஒரு சந்தேகம்" என்றார். "ஆத்தைப் பாக்கணும்னா ஜன்னலைத் தொறந்தா போதாதா? எதுக்கு இந்த எலியைக் கேக்கணும்?"

மண்டபம் முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்தேன்.

"ஜன்னல்ல தெரியிறது அதிகாரபூர்வமானது இல்லைங்க, கினுயே-சான்" என்றேன். "வதந்தியை நம்பாதீங்க, ஒலிபெருக்கியை முழுசா நம்பாதீங்க. பக்கம் சிவந்தா கிளம்புங்க. நீலமா இருந்தா வேலையைப் பாருங்க."

"ஏ, எழுதிக்கோங்கப்பா. மாப்பிள்ளை வாயைத் தொறக்கிறது பதினாலு வருஷத்துல இதுதான் மொதத் தடவை" என்றார். மறுபடியும் சிரிப்பு. போகும்போது என் கையில் பொரித்த டோஃபு ஒரு பொட்டலம் கொடுத்தார்.

அவர் சொன்னதில் எனக்கு வருத்தம் இருந்ததா என்று உங்கள் உறுப்பினர் குறித்துக்கொள்கிறார். இல்லை. வகுப்பு நன்றாகப் பதிந்தது. அதற்குப் பிறகு அந்தச் சந்தில் ஜன்னலை நம்பியவர்கள் குறைந்துபோனார்கள். இணையப் பக்கத்தின் வருகைப் பதிவேட்டில் அது தெரியும்.

இனி ஆகஸ்ட் இருபத்திரண்டு.

புயல் மழை முந்தின நாளே தொடங்கிவிட்டது. காலை ஒன்பதுக்கு ஆறு சாதாரண மட்டத்தில்தான் இருந்தது. வழக்கம்போல விடுவித்தேன், ஊருக்கு நீலம் போயிற்று. பதினொன்றுக்கு இரண்டாம் மாடிக் கூடத்தில் பேரிடர் தலைமையகம் கூடியது. எல்லோரும் புதிய பேரிடர்ச் சட்டை. நகரத் தலைவரின் சட்டையில் பெயர் தங்க நூலில். கையை முழங்கை வரை மடித்துவிட்டுக்கொண்டார். படம் எடுத்ததும் இறக்கிவிட்டுக்கொண்டார். சுவரில் பெரிய திரையில் நீர்மட்டப் பக்கம், அதிகாரிகளின் பக்கம். மூலையில் என் மேசை. என் கணினியில் இரண்டு சன்னல்: இடப்பக்கம் அதிகாரிகள் பார்ப்பது, வலப்பக்கம் ஊர் பார்ப்பது.

பன்னிரண்டரைக்கு இடப்பக்கம் மஞ்சள். வலப்பக்கம் நீலம். மஞ்சளுக்கும் ஒரு தாள் புறப்பட்டது; பாதி வழியில் நின்றது.

ஒன்று நாற்பதுக்கு இடப்பக்கம் சிவந்தது. பெரிய திரையும் சிவந்தது. கூடத்தில் எல்லோர் முகத்திலும் அந்த வெளிச்சம் விழுந்தது.

"சிவந்துடுச்சு" என்றார் நகரத் தலைவர். "மக்களுக்குத் தெரிஞ்சுடுச்சு. நல்லது. ஒலிபெருக்கியில சொல்லுங்க."

ஒலிபெருக்கியில் சொன்னார்கள். கொக்குக்குப் பிறகு அந்த வாசகத்தையும் மாற்றியிருந்தோம். 'ஆற்றின் நிலை குறித்து நகரமன்றப் பக்கத்தைப் பார்த்து உறுதிசெய்துகொள்ளவும்.' போனுக்குப் போன எச்சரிக்கைச் செய்தியிலும் அந்தப் பக்கத்துக்கான இணைப்புதான். ஷிமோஜிமாக்காரர்கள் இணைப்பைத் தொட்டார்கள். கொக்கில் சூடுபட்டவர்கள் அல்லவா, உறுதிசெய்துகொள்ளாமல் கிளம்புவதில்லை. பக்கம் உடனே திறந்தது. நீலம். ஹெல்மெட் போட்ட நீர்நாய் கட்டைவிரலைத் தூக்கி, இன்று ஆறு சமத்து என்றது.

விடுவிப்புத் தாள் கிளம்பியது. முதல் முத்திரை என்னுடையது. ஒன்று நாற்பத்திரண்டுக்கே குத்திவிட்டேன். என் தரப்பில் தாமதம் இல்லை என்பதைப் பதிவுசெய்துகொள்ளுங்கள். ஐந்து முத்திரை பத்து நிமிடத்தில் விழுந்தது. ஆறாவது, துணைத் தலைவர் மொமோசே. அவர் பத்திரிகைக்காரர்களை அழைத்துக்கொண்டு அணைக்குப் போயிருந்தார். முத்திரை அவருடைய மேசை இழுப்பறையில், பூட்டிய நிலையில். ஏழாவது நகரத் தலைவர். முத்திரையைக் கையில் வைத்துக்கொண்டு தயாராக உட்கார்ந்திருந்தார். ஆனால் ஆறாவது கட்டம் காலியாக இருக்கும்போது ஏழாவதில் குத்துவது எங்கள் ஊரில் நடந்ததில்லை.

"'பிறகு பார்ப்பார்'னு ஒரு குறிப்பு எழுதிட்டு மேல அனுப்பலாமே?" என்றார் ஓகிட்சு சார்.

"இந்தப் படிவத்துல அதுக்கு எடம் இல்லையே" என்றார் பொதுப்பிரிவுத் தலைவர். "புதுப் படிவம். முன்மாதிரி கிடையாது. பதிவுக்குத்தானே, அவர் வந்ததும் போடட்டும்."

பதிவுக்குத்தான் என்று அவர்கள் நினைத்தார்கள். திரையில் சிவப்பைப் பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கு அவசரம் எங்கிருந்து வரும். பக்கம் எப்போதோ சிவந்துவிட்டது. தாள் பின்னால் நடந்து வருகிறது. அந்தத் தாள் வந்தால்தான் பக்கம் சிவக்கும் என்பதை அறிந்தவன் அந்தக் கூடத்தில் ஒருவன்தான். விடுவிக்கும் பொத்தான் என் வலது கைக்குக் கீழே இருந்தது. தொட்டால் போதும், இரண்டு நொடி.

ஏன் சொல்லவில்லை என்று கேட்பீர்கள். சொல்வதென்றால் எப்படிச் சொல்வது. 'தலைவரே, நீங்கள் அரை மணி நேரமாகப் பார்த்துக்கொண்டிருக்கும் பக்கம் ஊரில் யாருக்கும் தெரியாது' என்று, எல்லோர் முன்னாலும், புகைப்படக்காரர் இருக்கும்போது. ஓகிட்சு சாரின் முகம் என்ன ஆகும். ஒரு கூட்டத்தை அப்படிக் கலைப்பவன் நான் இல்லை.

இரண்டு இருபதுக்கு என் மேசைத் தொலைபேசி அடித்தது. கினுயே-சான்.

"மாப்பிள்ளை, என்னய்யா கூத்து இது. உம் பொண்டாட்டி மிஹோகோ இங்க வந்து நிக்கிறா, கிளம்பு கிளம்புங்கிறா. அவ போன்ல செவப்பு. எம் போன்ல நீலம். ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாக்குறோம். ஒரே எலி, ரெண்டு கலரு. எது நெசம்?"

பின்னால் மழைச் சத்தமும் நாலைந்து குரல்களும் கேட்டன. சந்தில் இருந்தவர்கள் கடையில் கூடியிருந்தார்கள். யாரோ ஒருவர், "மாப்பிள்ளை வீட்டுக்குன்னு தனி ஆறு ஓடுதோ" என்றார். சிரித்தார்கள்.

"ஒலிபெருக்கியில என்னவோ சொல்றான், மழையில ஒண்ணும் வெளங்கல" என்றார் கினுயே-சான். "செவப்புன்னா சொல்லு, இவரைத் தூக்க ஆள் இருக்கு, நாலு பேரும் இங்கதான் நிக்கிறாங்க. ஆனா மறுபடியும் ஒரு கொக்குக்காக இவரைத் தூக்கிட்டுப் போக மாட்டேன். இன்னொரு தடவை தாங்க மாட்டாரு. அதான் உன்னைக் கேக்குறேன். நீதானே பக்கத்துக்காரன்."

நான் இரண்டு சன்னலையும் பார்த்தேன்.

"உங்க போன்ல இருக்கிறதுதாங்க அதிகாரபூர்வமானது" என்றேன். "பொதுமக்கள் பக்கம் அதுதான்."

"அப்ப இவ போனு?"

"அது பழசு. கோளாறா இருக்கும்."

"பாத்தியா மிஹோகோ, உன் வீட்டுக்காரரே சொல்லிட்டாரு, கோளாறு உன்கிட்டதான்" என்று அங்கே சொல்வது கேட்டது. பிறகு என்னிடம், "அப்ப சரி. பெரிய பாரம் எறங்குச்சு. சாயங்காலம் வந்தா டோஃபு வாங்கிட்டுப் போ, மாப்பிள்ளை."

"மிஹோகோகிட்ட குடுங்க" என்றேன். அவள் வாங்கினாள்.

"என்னங்க, எம் போன்ல..."

"என் மாத்து உடுப்பு எடுத்துக்கிட்டு இப்பவே மேட்டுப் பள்ளிக்கூடத்துக்கு வந்துடு. இன்னிக்கு ராத்திரி எனக்கு அங்கதான் வேலை. வண்டியை எடுத்துக்கோ."

"கினுயே அக்காவையும்..."

"அவங்களுக்கு நீலம்தானே காட்டுது. நீ வா."

வந்துவிட்டாள். இரண்டு நாற்பதுக்குப் பள்ளிக்கூடத்தில் இருந்தாள். வெள்ளைச் சட்டையை மடித்து எடுத்து வந்திருந்தாள்.

மூன்று ஐந்துக்கு ஆறு கரையைத் தாண்டியது. அதைப் பெரிய திரையில் பார்த்தோம். நான் என் பதிவேட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்தை யார் யார் எப்போது திறந்தார்கள் என்பது அதில் வரிவரியாக ஓடும். ஷிமோஜிமாவிலிருந்து இரண்டு மணிக்கும் மூன்றுக்கும் இடையில் நானூற்றுப் பன்னிரண்டு முறை. ஒரே போனிலிருந்து பத்தொன்பது முறை. மூன்று ஐந்துக்குப் பிறகு வரிகள் வேகமாக வந்தன. மூன்று பதினெட்டுக்குப் பிறகு மெதுவாக. மூன்று முப்பத்தொன்றுக்குப் பிறகு வரவில்லை. ஒருவரைக்கூட பக்கம் காத்திருக்க வைக்கவில்லை. சராசரி, நொடியில் நூற்றில் எட்டுப் பங்கு. மற்ற ஊர்களின் தளங்கள் அன்று வரிசையாக விழுந்தன. எங்களுடையது நின்றது. இதை உங்கள் அறிக்கையில் எந்த இடத்திலாவது குறிப்பிட்டால் நன்றி உள்ளவனாக இருப்பேன்.

மூன்று ஐம்பதுக்கு மொமோசே அவர்கள் நனைந்த சட்டையோடு வந்து இழுப்பறையைத் திறந்து குத்தினார். நகரத் தலைவர் முத்திரையில் வாயால் ஊதி, நேராகக் குத்தினார். மூன்று ஐம்பத்திரண்டுக்கு நான் விடுவித்தேன். ஊர்ப் பக்கம் சிவந்தது.

இவ்வளவும் ஆவணங்களில் இருக்கிறது. நீங்கள் என்னைக் கூப்பிட்டது இதற்காக இல்லை என்று எனக்குத் தெரியும். உங்களோடு வந்த நிபுணர் விலக்குப் பட்டியலைத் திறந்து பார்த்திருக்கிறார். ஏழு அதிகாரிகளின் பெயர், எட்டாவதாக ஒரு போன்.

மிஹோகோவின் போன்தான். ஜூலை ஆறாம் தேதி சேர்த்தேன். அவள் சோறு வடித்துக்கொண்டிருந்தாள். "எம் போனை எதுக்கு நோண்டுறீங்க?" என்றாள். சோதனைக்கு என்றேன். சோதனை எதுவும் செய்யவில்லை. அன்று காலை மழைக்கால முன்னறிவிப்பு வந்திருந்தது. நான் எழுதிய இரண்டு வரியை ஒருமுறை மனத்துக்குள் ஓட்டிப் பார்த்தேன். வெள்ளம் வருகிற நாளில் ஏழு பேரில் ஒருவர் வெளியே போயிருந்தால் ஷிமோஜிமாவுக்கு நீலம்தான் தெரியும், கரை உடையும்போதும் நீலம்தான் தெரியும் என்பது தெளிவாகத் தெரிந்தது. அதனால் மூன்றாவதாக ஒரு வரி எழுதினேன். எங்கள் வீட்டுக்கு மட்டும்.

ஆமாம், ஜூலையிலேயே தெரியும். தெரியாது என்று நான் எங்கேயும் சொல்லவில்லையே.

முதல் இரண்டு வரியை மாற்றாமல் மூன்றாவதை ஏன் எழுதினேன் என்றால், முதல் இரண்டும் ஏழு முத்திரை வாங்கியவை. மூன்றாவதற்கு முத்திரை தேவைப்படவில்லை.

கினுயே-சானிடம் சிவப்புதான் நிஜம் என்று சொல்லியிருந்தால் அடுத்த கேள்வி என்ன வந்திருக்கும். உன் பொண்டாட்டிக்கு மட்டும் எப்படித் தெரிந்தது என்று கேட்பார். கடையில் நாலைந்து பேர் கேட்டுக்கொண்டிருந்தார்கள். நகரமன்ற ஊழியன் தன் குடும்பத்துக்கு மட்டும் சலுகை காட்டினான் என்று சாயங்காலத்துக்குள் ஊர் முழுக்கப் பேச்சாகியிருக்கும். பொது நிர்வாகத்தின் மேல் மக்களுக்கு இருக்கும் நம்பிக்கை அதில் எவ்வளவு அடிபடும் என்று நீங்களே யோசியுங்கள். நான் அந்த நம்பிக்கையைக் காப்பாற்றினேன். கடையில் இருந்தவர்களில் யாரும் அதைப் பற்றி அதன் பிறகு பேசவில்லை.

மிஹோகோ இப்போது அவள் தங்கை வீட்டில் இருக்கிறாள். உடல்களைப் பள்ளிக்கூட உடற்பயிற்சிக் கூடத்தில் வரிசையாக வைத்திருந்த அன்று, கினுயே-சானின் தலைமாட்டில் உட்கார்ந்தபடி ஒரே ஒரு வாக்கியம் என்னிடம் சொன்னாள். "அக்காவுக்குக் காட்டினதையே எனக்கும் காட்டியிருக்கலாம்ல?"

நான் அதை நிறைய யோசித்தேன். அவள் சொன்னது நியாயம். என் தரப்பில் பிழை என்று ஒன்று உண்டென்றால் அது அந்த மூன்றாவது வரிதான். அது இல்லாதிருந்தால் சந்தில் இரண்டு நிறம் இருந்திருக்காது. கினுயே-சான் குழம்பியிருக்க மாட்டார். என்னைக் கூப்பிட்டிருக்க மாட்டார். நானும் யாரிடமும் எதுவும் சொல்ல நேர்ந்திருக்காது. பொதுப்பணியில் இருப்பவன் எல்லோரையும் ஒரே மாதிரி நடத்த வேண்டும். அதை மீறியதற்காக உங்கள் முன்னால் தலைகுனிந்து மன்னிப்புக் கேட்கிறேன். அடுத்த முறை என் மனைவிக்கும் நீலம்தான்.